ஆற்றுக்கு எந்தக் கரையில் நிலம்? விசாவில் இருப்பவருக்கு அயோவாவும் இல்லினாயும்

அமெரிக்காவில் நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி என்னைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக ஆசையைத் தள்ளிப்போட மனமில்லாமல் போன வருடம் கொஞ்சம் விளைநிலம் வாங்கினோம். இருப்பது மோலீன் பக்கம். மிசிசிப்பிக்கு இந்தக் கரை இல்லினாய். பாலம் தாண்டினால் டேவன்போர்ட், அதாவது அயோவா. இரண்டு கரையிலும் பார்த்துவிட்டு இல்லினாயில்தான் வாங்கினோம். எங்களைப் போலவே விசாவில் இருக்கும் நண்பர்கள் காரணம் கேட்கிறார்கள்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் அதே கரிய மண், மக்காச்சோளமும் சோயாவும்தான். விலையிலும் பெரிய ஆறுதல் எங்கும் இல்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் கணக்குப்படி 2024-ல் அங்கே ஏக்கர் சராசரி 11,467 டாலர். வாரிசு வரியில் அயோவா ஒரு படி மேல். 2025 ஜனவரி 1 முதல் அங்கே அது கிடையாது. இல்லினாயில் 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு மாநில வரி உண்டு. எங்களைப் போன்றவர்கள் அந்த உயரத்துக்குப் போவது கஷ்டம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அயோவாவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விளைநிலம் வாங்க முடியாது. நீங்கள் அங்கேயே பத்து வருடம் குடியிருந்து வரி கட்டியிருந்தாலும் சரி, ஹெச்-1பி என்றால் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளியாள்தான். விவசாயம் அல்லாத வேலைக்கு 320 ஏக்கர் வரை வாங்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் ஐந்து வருடத்துக்குள் நிலத்தை அந்த வேலைக்கு மாற்றிவிட வேண்டும். விளைச்சலுக்காக வாங்குபவருக்கு அது உதவாது. மீறி வாங்கினால் நீதிமன்றம் வழியாக நிலம் அரசுக்கே போய்விடும். 2024-ல் அபராதத்தையும் கடுமையாக்கினார்கள்.

இல்லினாயில் வாங்கத் தடை இல்லை, தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். 1978-ல் வந்த மத்திய அரசுச் சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விளைநிலம் வாங்கினால் 90 நாளுக்குள் மத்திய வேளாண் துறையின் எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்க வேண்டும். எந்த மாநிலமானாலும் இது பொருந்தும். மாநில வேளாண் துறைக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். படிவத்தை அலட்சியமாக விட்டால் மத்திய அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். வாங்கிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இது இப்போதைய நிலை. நாளைக்கே கிரீன் கார்டு கைக்கு வந்து அயோவாவின் கதவு திறந்தாலும் நான் இல்லினாயைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், நிலத்தை விட்டு வெளியேறும்போது என்ன நடக்கும் என்பது.

அயோவா சட்டத்தில் இரண்டு கெடுக்கள் இருக்கின்றன. கிரீன் கார்டோடு நிலம் வாங்கிய ஒருவர் பிறகு அந்தத் தகுதியை இழந்தால் இரண்டு வருடத்துக்குள் விற்றுவிட வேண்டும். அதேபோல, உயில் வழியாகவோ வாரிசாகவோ நிலம் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் கைக்குப் போனால் அவரும் இரண்டு வருடத்துக்குள் விற்க வேண்டும். நம் குடும்பங்களில் இது நடக்கக்கூடிய விஷயம். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் திருச்சிக்கே திரும்பிவிடுகிறார், கார்டு போய்விடுகிறது. இல்லை, எதிர்பாராமல் ஒரு மரணம், நிலம் ஊரில் இருக்கும் தம்பி பெயருக்கு வருகிறது. தம்பிக்கு அயோவா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீதிமன்ற நடைமுறை முடியவே மாதக்கணக்கில் ஆகும். எஞ்சிய காலத்தில் வாங்குபவரைத் தேட வேண்டும், அதுவும் விற்றே ஆக வேண்டிய நிலம் என்று தெரிந்த சந்தையில்.

இரண்டு வருடம் போதாதா என்று கேட்பவர்களுக்கு அயோவாவின் பழைய விலைக் கணக்கைத்தான் காட்டுவேன். 1981-ல் ஏக்கர் 2,147 டாலர். 1986-ல் 787. பழைய விலையைத் தாண்ட 2003 வரை ஆனது. காத்திருக்க முடிந்தவர் தப்பித்தார். அந்த வருடங்களில் ஒரு கெடு வந்து விழுந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இல்லினாயில் தம்பி அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டபடி எத்தனை வருடமும் வைத்திருக்கலாம்.

இந்திய விதியை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் விவசாய நிலம் வாங்கக் கூடாது, ஆனால் தாத்தா நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், கெடு இல்லை. கண்டிப்பு என்றாலும் அதில் ஒரு கருணை இருக்கிறது.

அயோவா விவசாயியின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளிப் பணம் வந்து விலையை ஏற்றினால் அடுத்த தலைமுறை நிலம் வாங்க முடியாது. ஆனால் இந்த நாட்டில் இப்படிப்பட்ட சட்டங்கள் யாரை அடித்தன என்பதும் மறக்கக்கூடியதல்ல. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்ற கலிஃபோர்னியாவின் 1913 சட்டம் ஜப்பானியரைக் குறிவைத்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதே சட்டம் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபியர் மேலும் விழுந்தது. அவர்கள் நிலத்தை வேறு பெயர்களில் வைத்துப் பிழைத்தார்கள். யாராவது இன்று உங்களிடம் "நண்பர் பெயரில் வாங்கிவிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் அயோவா யாருக்கு? குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கும், கிரீன் கார்டோடு, இங்கேயே பிறந்த பிள்ளைகளே வாரிசு என்று உயில் எழுதியவர்களுக்கும் தாராளமாகச் சரி. வாரிசுதாரர் குடிமகனாக இருந்தால் அந்தக் கெடு தொடாது. மினசோட்டாவையும் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே கிரீன் கார்டு மட்டும் போதாது, பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதமாவது இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும்.

எந்தக் கரையானாலும் ஹெச்-1பி-யில் இருக்கும்போது சொந்த வயலில் இறங்கி உழைக்க முடியாது, விசா அதற்கானதல்ல. நாங்கள் பக்கத்து விவசாயிக்கு ரொக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விட்டால் விதை, உரம் என்று முடிவுகளில் தலையிட வேண்டி வரும். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

விற்ற அனுபவம் எங்களுக்கு இன்னும் இல்லை, அதனால் அந்தப் பக்கத்தை அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் உறுதி: இல்லினாயானாலும் ஊரில் இருக்கும் வாரிசு விற்கும்போது விற்பனைத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித் துறைக்குக் கட்டிவிடுவார். வரித் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்பி வரும். அதற்கு அமெரிக்க வரி எண் வேண்டும், எடுக்க நாளாகும். நாங்கள் உயிலோடு இந்த விவரத்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தம்பிக்கு அனுப்பிவிட்டோம்.