கிணறு உண்டு, தண்ணீர் உப்பு: கணக்கெடுப்புச் செயலிக்கு 5-க்கு 3

பருவநிலை மாற்றம் கடலோரக் கிராமத்தில் எந்த வீட்டை எவ்வளவு பாதிக்கும் என்று கேள்வி கேட்டு மதிப்பிடும் செயலி இது, மூன்று வாரம் வேலை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிறது, ஒரு பதில்கூட அழியவில்லை. அதற்கே இரண்டு நட்சத்திரம். உள்ளே இருப்பது 2009-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டு ஆய்வில் வந்த வாழ்வாதாரப் பாதிப்புக் குறியீடு, அதாவது மக்களின் பிழைப்பு எவ்வளவு அடிபடும் என்று எண்ணாகச் சொல்லும் அளவுகோல். உணவு, தண்ணீர், உடல்நலம், அக்கம்பக்கத்து உதவி என 7 தலைப்பு. சரி, கேள்வியைத் தயாரித்தவர் கடற்கரைப் பக்கம் வந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம். ‘கிணறு உண்டா?’ ‘உண்டு’ என்று தட்டினால் முழு மதிப்பெண், ஆனால் கடல்நீர் நிலத்தடியில் ஏறி அந்தக் கிணறு உப்பாகி வருஷக்கணக்காகிறது, குறிக்க இடமே இல்லை.

தொழில் பட்டியல் இன்னும் மோசம். கருவாடு காயவைக்கும் ஓர் அக்காவைச் சேர்க்க முடியவில்லை, படகு இல்லை என்றதும் செயலி ‘வேலை இல்லாதவர்’ என்று போட்டுவிட்டது. “அப்போ விடியற்காலையிலிருந்து நான் என்ன செய்றேன் தம்பி?” என்று சிரித்தார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கிவிடுவதால், புயலா தண்ணீரா கடனா, எது அந்த வீட்டை அழுத்துகிறது என்று தெரிய தலைப்புவாரி அட்டவணையைத் தனியாக இறக்கிப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேள்விகளை மாற்றும் வசதியுள்ள பதிப்பையே கேளுங்கள்.