ஃபாமிகோம்: எல்லாம் பொன்தான், அந்த ஒயரைத் தவிர

"அண்ணே, பினாங்கு லோரோங் கூலிட் சந்தைல ஒரு சிவப்பு-வெள்ளை ஃபாமிகோம் பார்த்தேன். விலையும் இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் கன்ட்ரோலர் 1-இன் ஒயரை மூன்றாவது தடவையாக வெட்டி ஈயம் வைத்து முடித்த அதே வாரத்தில் கேட்டார். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

1983 ஜூலை 15-இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வந்த நிண்டெண்டோவின் வீடியோ கேம் பெட்டி என்பது முதற்கொண்டு அடிப்படை விவரங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பல வருஷம் ஆடிய பிறகு மனதில் முள்ளாக நிற்பது ஒன்றே ஒன்று. இரண்டு கன்ட்ரோலர்களும் பெட்டியோடு ஒட்டிப் பிறந்தவை. வெளியே சாக்கெட் கிடையாது. ஒயர் பின்பக்கத்திலிருந்து கிளம்புகிறது. என்னிடம் உள்ளதில் நீளம் 76 சென்டிமீட்டர். பெட்டியின் ஆழம் 22 சென்டிமீட்டர், பின்னாலிருந்து முன்னால் வருவதற்குள் அவ்வளவும் தின்றுபோகும். கைக்கு மிஞ்சுவது அரை மீட்டர் சொச்சம். பெட்டியை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் பொருந்தும் நீளம் அது. சோபாவில் உட்கார்ந்து சுவரில் மாட்டிய டிவியைப் பார்க்கிற வீட்டுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

இதற்கு எளிய வழி, டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகிற ஏவி ஒயரை 3 முதல் 5 மீட்டர் நீளத்தில் வாங்கி, பெட்டியை ஆளிடம் கொண்டுவருவது. தரையில் வைக்காதீர்கள். யாராவது ஒயரில் கால் தட்டினால் கேசட் ஒரு மயிரிழை அசையும், ஆட்டம் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலி, அதன் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் பெட்டி. இப்படி வைத்தால் ஒயரில் இழுப்பு பாதியாகக் குறையும்.

பாதிதான் குறையும். மீதி இழுப்பு சேர்ந்து சேர்ந்து, ஒயர் கன்ட்ரோலருக்குள் நுழைகிற இடத்தில் உள்ளே அறுக்கும். வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு நூல் துண்டாகியிருக்கும். கெட்டியான ரப்பர் முடிந்து மெல்லிய ஒயர் தொடங்குகிற எல்லை அது. வளைவு முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் விழுகிறது.

கோளாறு ஒயரிலா பட்டனிலா என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். கன்ட்ரோலருக்குள் இருப்பது 4021 என்ற ஒரே ஒரு சிப். எட்டு பட்டன்களின் நிலையையும் வரிசையாக ஒரே டேட்டா ஒயரில் அனுப்புவது அதன் வேலை. கன்ட்ரோலர் 1-இல் மொத்தம் ஐந்து ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், கிளாக், லாட்ச், டேட்டா. ஐந்தில் எது அறுந்தாலும் எட்டு பட்டனும் சேர்ந்து சாகும், அல்லது சேர்ந்து பேயாட்டம் ஆடும். ஒரே ஒரு பட்டன் மட்டும் மக்கர் பண்ணினால் ஒயரைக் குற்றம் சொல்லாதீர்கள். அது ரப்பர் அல்லது கீழே உள்ள கார்பன் தடம். ரப்பரின் கறுப்பு முகத்தை வெள்ளைத் தாளில் இரண்டு முறை தேய்த்து, தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் போதும். அழுத்தித் தேய்த்தால் கார்பனே கழன்று வரும்.

ஒயர்தான் என்று தெரிந்துவிட்டால் வேலை இப்படி. பெட்டியின் அடியில் உள்ள ஸ்க்ரூக்கள் எல்லாம் சாதாரண பிளஸ் தலை. அடுத்த தலைமுறைப் பெட்டியான சூப்பர் ஃபாமிகோமின் கேசட்டுக்குத் தேவைப்படும் 3.8 மில்லிமீட்டர் தனி பிட் இங்கே வேண்டாம். மேல்மூடியைத் தூக்கினால் கன்ட்ரோலர் ஒயர்கள் போர்டில் சிறு பிளக்கில் செருகியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுக்கவும். பிறகு கன்ட்ரோலரின் முதுகைத் திறந்து, எந்த நிற ஒயர் எந்த இடத்தில் என்று போட்டோ எடுத்துக்கொள்ளவும். ஒரே மாடலிலேயே நிறங்கள் மாறுகின்றன, இணையத்தில் கிடைக்கும் நிறப்பட்டியலை நம்பினால் ஐந்து வோல்ட் கிரவுண்டில் போய் உட்காரும். மல்டிமீட்டரை சத்தம் போடும் நிலையில் வைத்து, ஒரு முனை பிளக்கில், மறுமுனை கன்ட்ரோலர் போர்டில். நுழைவாயில் பக்கம் ஒயரை மடக்கி மடக்கிப் பார்த்தால் சத்தம் எங்கே விட்டுவிட்டு வருகிறதோ அங்கேதான் அறுப்பு.

அறுப்பைத் தாண்டி வெட்டி, தோல் சீவி, மறுபடி ஈயம் வைக்க வேண்டும். போர்டில் இருக்கும் பழைய ஈயம் லேசில் உருகாது. புது ஈயம் கொஞ்சம் அதன் மேல் உருக்கிச் சேர்த்தால் இளகும். பற்றாசுக்கோல் (சோல்டரிங் அயர்ன்) 330 டிகிரி அளவில், ஒரு புள்ளியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, செம்புத் தகடு உரிந்துவிடும். ஒயரை உள்ளே உள்ள பிளாஸ்டிக் முளைகளைச் சுற்றி, முன்பு இருந்த அதே வழியில் வளைத்து வைக்கவும். இழுப்பைத் தாங்குவது அந்த முளைகள்தான், ஈயம் இல்லை. நுழைவாயிலில் சுருங்கும் குழாய் இரண்டு அடுக்கு போடுங்கள்: முதலில் 4 சென்டிமீட்டர், அதன் மேல் 2 சென்டிமீட்டர். கெட்டி, நடுத்தரம், மென்மை என்று படிப்படியாக இறங்கினால் வளைவு ஒரே புள்ளியில் குவியாது.

வேலை சுத்தமாக முடியும். ஆனால் வயிற்றெரிச்சல் இங்கேதான். ஒவ்வொரு தடவையும் 5 சென்டிமீட்டர் போய்விடுகிறது. ஏற்கெனவே குட்டையான ஒயரைப் பழுது பார்க்கப் பார்க்க இன்னும் குட்டையாக்குகிற பெட்டி இது. குட்டையாக ஆக இழுப்பு கூடுகிறது, இழுப்பு கூடக் கூட அடுத்த அறுப்பு சீக்கிரம் வருகிறது. இவ்வளவு அருமையாகச் செய்த ஒரு பொருளில் இந்த ஒரு விஷயத்தைப் பார்க்கும்போது கோபம் வராமல் இருக்க முடியவில்லை.

"புது ஒயர் மாட்டலாமே" என்று கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் ஆன்லைனில் மலிவாக வரும் ஒயர்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஈயம் சரியாகப் பிடிக்காது, இரண்டு வளைவில் முறியும். உடைந்த வேறு பழைய கன்ட்ரோலர் ஒன்றின் ஒயரை எடுத்துப் போடுவது நல்லது, அந்த ஒயர்கள் ஆட்டி இழுப்பதற்கென்றே செய்தவை. பெட்டியின் உடம்பில் துளை போட்டு சாக்கெட் பதிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்குப் பதில், பின்பக்கத் துளைக்கு வெளியே ஒரு சாண் ஒயர் விட்டு, அதன் முனையில் பழைய ஆடியோ ஐந்து முள் டின் (DIN) சாக்கெட் ஒன்றைக் கட்டினால் போதும். ஐந்து ஒயருக்கு ஐந்து முள், கணக்கு சரியாக இருக்கும். கன்ட்ரோலர் 2-க்கு அது பத்தாது. அதில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன் இல்லாவிட்டாலும் மைக் இருக்கிறது, அதற்கென்று கூடுதல் ஒயர் வரும்.

முன்பக்கத்தில் சிறு மூடிக்குள் 15 முள் துவாரம் ஒன்று இருக்கிறது. அதில் செருகும் தனிக் கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன, நீளமான ஒயரோடு. ஆனால் பழைய ஆட்டங்களில் சில, பெட்டியோடு வந்த கன்ட்ரோலரின் டேட்டாவை மட்டும்தான் படிக்கும், அந்தத் துவாரத்தை எட்டியே பார்க்காது. திரையில் தலைப்பு வரும், ஸ்டார்ட் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கெடவில்லை, அந்த ஆட்டம் எழுதப்பட்ட விதம் அது.

இத்தனை திட்டிய பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பினாங்கில் வளர்ந்தவர்களில் பலருக்கு ஃபாமிகோம் என்றால் நினைவில் இருப்பது மைக்ரோ ஜீனியஸ் மாதிரியான தைவான் குளோன்கள், அதாவது நகல் பெட்டிகள்தான். நம் டிவிக்கு ஏற்ற பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஓடிய குளோன்கள் விநாடிக்கு 50 படம் காட்டின. ஜப்பான் அசல் 60 காட்டும். ஆட்டம் படத்தின் கணக்கில் ஓடுவதால், 6 நிமிஷத்தில் முடிய வேண்டியது குளோனில் 7 நிமிஷம் 12 விநாடி எடுக்கும். பாட்டும் அப்படியே இழுபடும். ஆனால் அந்தக் குளோன்களின் சிபியு 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, அசலின் 1.79-க்கு ஒரு சதவீதம்கூடக் குறைவில்லை. அதனால் சுருதி கிட்டத்தட்ட அதே, காலப்பிரமாணம்தான் விழுந்துவிட்டது. ஐரோப்பாவுக்குப் போன அதிகாரப்பூர்வப் பால் பெட்டியில் சிபியு 1.66, அங்கே சுருதியே அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கிவிடும். நம் குளோன் அந்த வகையில் காதுக்கு நல்லதே செய்தது.

குளோனில் பழகிய கை அசலைத் தொட்டதும் முதலில் தடுமாறும். சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்திலேயே, பள்ளத்தின் விளிம்பில் வழக்கமாகத் தாவும் நேரத்துக்குத் தாவினால் கால் காற்றில் இருக்கும். ஒரு வாரம் ஆடினால் கை பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு குளோனை எடுத்தால் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். இந்த வேகம்தான் அசலை வைத்திருப்பதன் முழுச் சுகமும். கம்ப்யூட்டரில் இந்த ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டரில் 60 படம் வரும் என்பார்கள், வரும்தான். ஆனால் எல்சிடி டிவியின் தாமதம் இல்லாமல், பழைய குழாய் டிவியில் அசல் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடும்போது விரல் அழுத்துவதும் மாரியோ தாவுவதும் ஒரே மூச்சாக நடப்பது வேறு ரகம்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது, நம் 240-இல் நேராகச் செருகினால் தீர்ந்தது. அசல் வெளியீடு 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுமுள் மைனஸ். 9 வோல்ட் 1 ஆம்பியர், நடுமுள் மைனஸ் அடாப்டர் தாராளமாகப் போதும். 12 வோல்ட் வேண்டாம். உள்ளே 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் வருவதையெல்லாம் சூடாகக் கொட்டுகிறது. 9-இல் 4 வோல்ட் சூடு என்றால் 12-இல் 7 வோல்ட் சூடு. ஃபாமிகோமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் அடாப்டர் ஏசி வெளியிடுகிறது, முள் பொருந்தினாலும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

படம்: அசலில் ஆன்டெனா வழியாகப் போகும் ஆர்எஃப் மட்டும்தான், அதுவும் ஜப்பானின் 1, 2-ஆம் சேனல்களில். நம் ஊர் டிவியில் அதைப் பிடிக்க நினைப்பது வீண். ஏவி மாற்றம் செய்த பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. நீங்களே செய்தால் படத்தை உருவாக்கும் பிபியு சிப்பின் 21-ஆம் காலைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டு அதிலிருந்து நேராகப் படத்தை எடுங்கள், திரையில் விழும் செங்குத்துக் கோடுகள் கணிசமாக மங்கும். ஒலியைக் கேசட் சாக்கெட்டின் 46-ஆம் முள்ளில் எடுக்கவும். கூடுதல் ஒலிச் சிப் உள்ள கேசட்டுகளின் சத்தம் அங்கே எடுத்தால்தான் சேர்ந்து வரும்.

தம்பி, சந்தைக்குக் காலையிலேயே போங்கள். அங்கே கரண்ட் கொடுத்துப் பார்க்க வழி இருக்காது, கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும். மஞ்சளித்த உடம்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதனால் ஆட்டம் கெடாது. கன்ட்ரோலர் பட்டன் சதுர ரப்பராக இருந்தால் ஆரம்பகாலப் பெட்டி. சேகரிப்புக்கு நல்லது, ஆடுவதற்கு ஆகாது, ரப்பர் உள்ளே சிக்கி நிற்கும். ஒயரை விரலால் நுழைவாயிலில் தொடங்கி ஒரு சாண் தூரம் நீவிப் பாருங்கள். ஓர் இடத்தில் திடீரென்று சொதசொதவென்று மடங்கினால் உள்ளே அறுந்திருக்கிறது. பிசுபிசுப்பு இருந்தால் பிளாஸ்டிக்கை இளக்க வைத்த எண்ணெய் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த ஒயர் பெட்டியின் மேல் வருஷக்கணக்கில் கிடந்திருந்தால், வெள்ளை உடம்பில் பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு பள்ளம் உருகிப் பதிந்திருக்கும். தேய்த்தாலும் போகாது. வாங்கிய பிறகு நீங்களும் ஒயரைக் கன்ட்ரோலரில் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள். அகலமான வளையமாக விட்டு, உடம்பைத் தொடாதபடி நடுவில் ஒரு துணி வையுங்கள். கடல் காற்று ஊர் என்பதால் சிலிக்கா ஜெல் பையும் கூடவே.

என் தீர்ப்பு: எடுக்காதீர்கள். 1993 டிசம்பரில் வந்த எச்விசி-101, அதாவது ஏவி ஃபாமிகோம் கிடைத்தால் அதை எடுங்கள். கழற்றி மாட்டும் கன்ட்ரோலர், நேரடி ஏவி, அதே 60 படம், அதே கேசட்டுகள். மைக் மட்டும் இல்லை. கொடுக்கிற காசுக்கு எந்தக் கணக்கில் பார்த்தாலும் அதுதான் சரியான பெட்டி.

என் முக்காலியில் இருப்பது பழைய சிவப்பு-வெள்ளைதான், அதை மாற்றப் போவதில்லை. கன்ட்ரோலர் 1-இன் ஒயர் இப்போது 61 சென்டிமீட்டர். 50-க்குக் கீழே இறங்கும் அன்றைக்கு டின் சாக்கெட் வைத்துக்கொள்ளலாம்.