மகளிர் கல்லூரியா, கோ-எட்டா? இரண்டிலும் படித்தவளின் பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "பாப்பாவை லேடீஸ் காலேஜ்ல போடலாமா, கோ-எட்ல போடலாமா?" கேட்பது பெரும்பாலும் பெண்ணின் அம்மாதான். இளங்கலையை ஒரு மகளிர் கல்லூரியிலும் முதுகலையை இருபாலர் பல்கலைக்கழகத்திலும் படித்ததால் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது பாதுகாப்பு. அந்தக் கவலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடத்தில் பெண் என்னென்ன செய்து பழகுகிறாள் என்பதுதான் அவள் பிறகு பார்க்கப்போகும் வேலையைத் தீர்மானிக்கிறது. அதை வைத்துத்தான் இரண்டையும் எடை போடுவேன்.

முதலில் மகளிர் கல்லூரி. எங்கள் துறை விழாவுக்கு மைக் செட் பேசி முடிக்க முதலாம் ஆண்டிலேயே என்னை அனுப்பினார்கள். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேரம் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ரசீது வாங்கி வந்தேன். நாற்காலி தூக்கியதும் பெண்கள்தான், சங்கச் செயலாளராக இருந்ததும் பெண்கள்தான், கணக்கு இடித்தபோது எச்.ஓ.டி. முன்னால் நின்று பதில் சொன்னதும் பெண்கள்தான். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று காண்டிராக்டரிடம் பில்லை நீட்டி "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று தயங்காமல் கேட்க முடிகிறதென்றால், அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

முதுகலையில் சிம்போசியம் நடத்தினோம். ஸ்பான்சர் பிடிப்பது, பணம், மேடை எல்லாம் பையன்கள் கைக்குப் போயிற்று. எங்களுக்கு வரவேற்புக் குழு. கோலம், சந்தனம், குத்துவிளக்கு. கூடாது என்று எவரும் சொல்லவில்லை, தானாகவே அப்படிப் பிரிந்துவிட்டது. மூன்று வருடம் வேறு மாதிரி பழகியிருந்ததால்தான் எனக்கு அது கண்ணில் பட்டது.

சரி, மகளிர் கல்லூரியின் குறையையும் சொல்ல வேண்டும். டிகிரி முடித்ததும் நான் போன முதல் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் வைத்தார்கள். எட்டுப் பேரில் ஆறு பேர் ஆண்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் உள்ளே புகுந்தார். என் முறை வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை. மேடையில் அரை மணி நேரம் பேசத் தெரிந்தவளுக்கு நடுவில் புகுந்து பேசத் தெரியவில்லை. அதைக் கோ-எட் வகுப்பில்தான் கற்றேன், முழுசாக ஒரு செமஸ்டர் ஆயிற்று. அப்புறம் சீனியர்கள். எந்த கம்பெனிக்கு எப்போது அப்ளை செய்வது, சம்பளம் எவ்வளவு கேட்பது என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சாகவே அங்கே கிடைத்தது.

பொறியியல் என்றால் பெரும்பாலும் கோ-எட்தான், தேர்வுக்கு இடமே குறைவு. அங்கே முன்னால் போனவர், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா. 15 வயதில் திருமணம், 18 வயதில் கைம்பெண், கையில் சில மாதக் குழந்தை. தந்தை சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே பேராசிரியர் என்பதால் 1940இல் அங்கே மின்பொறியியல் சேர முடிந்தது. விடுதியில் தனியாக இருந்தார். பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியை விளம்பரம் செய்ய வைத்தார் தந்தை. லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இதில் நான் கவனிப்பது விடுதியைத்தான். உள்ளே சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது, அங்கே தங்கிப் படிக்கவும் வழி இருக்க வேண்டும்.

என் கோபம் முழுக்க இங்கேதான். நான் முதுகலை படித்த இடத்தில் பெண்கள் விடுதி கேட் மாலை ஆறரைக்குப் பூட்டப்படும். ஆண்கள் விடுதிக்குப் பத்து மணி. நூலகமும் லேபும் எட்டு வரை திறந்திருக்கும். ப்ராஜெக்ட் சமயத்தில் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஒரே ஃபீஸ் கட்டிவிட்டு, வார்டனிடம் அவுட் பாஸுக்குக் கையெழுத்துக் கேட்டு நின்றோம். அந்த நேரத்தில் பையன்கள் செய்துபார்த்த சோதனையெல்லாம் பிறகு அவர்கள் பயோடேட்டாவில் வரிகளாக ஏறியது.

பணத்தால் எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், கல்லூரி எந்த வகையாக இருந்தாலும்.

என் தீர்ப்பு இது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பெண், கலை அறிவியல் பாடம் என்றால் இளங்கலைக்கு மகளிர் கல்லூரி, முதுகலைக்குக் கட்டாயம் கோ-எட். விரும்பிய பாடம் கோ-எட்டில் மட்டும்தான் இருக்கிறதா? பாடத்தை விடாதீர்கள், அங்கேயே சேருங்கள். மகளிர் கல்லூரி என்பதற்காகப் பிடிக்காத பாடத்தில் தள்ளுவதைத்தான் நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கே சேர்த்தாலும், அட்மிஷன் அன்றைக்கு மெஸ்ஸைப் பார்ப்பதுபோல மூன்றைக் கேளுங்கள்: பெண்கள் விடுதி எத்தனை மணிக்குப் பூட்டும், நூலகம் எத்தனை மணி வரை, போன வருடம் சங்கச் செயலாளர் யார்.

இதைக் கேட்ட ஒரு அம்மா, "இருங்க, எழுதிக்கிறேன்" என்று பேனா தேடினார். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்: "ஞாயித்துக்கிழமை லைப்ரரி உண்டான்னும் எழுதும்மா."