பாசியைக் குறைக்க விளக்கைக் குறைப்பதா, சத்தைக் குறைப்பதா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் தொட்டியில் பாறை மேல் பச்சை முடிப்பாசி படர ஆரம்பித்தால் எல்லோரும் இரண்டு யோசனைதான் சொல்வார்கள். விளக்கு நேரத்தைக் குறை. இல்லையென்றால் பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குறை. இரண்டுக்கும் பலன் உண்டு. ஆனால் பவளத்துக்கு நேரும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், நான் சத்தைக் குறைக்கும் பக்கம்தான் நிற்பேன்.

விளக்கைக் குறைப்பதில் செலவே இல்லை. டைமரில் பன்னிரண்டு மணி நேரம் ஓடுவதை எட்டாக்கினால் போதும். சிவப்புப் படலமாகப் பரவும் சயனோ பாக்டீரியாவுக்கு மூன்று நாள் முழு இருட்டு நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்குச் சாப்பாடு போடும் ஜூசாந்தெல்லேயும் பாசிதான். வெளிச்சத்தைக் குறைத்தால் அதற்கும் குறையும். அக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு 200-க்கு மேல் பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தின் அளவு) வேண்டும். முடிப்பாசி அதைவிட எவ்வளவோ குறைவான வெளிச்சத்திலும் வளரும். ஆகவே மாதக்கணக்கில் மங்கலாக ஓட்டினால் முதலில் வாடுவது பவளம். இன்னொன்று, இருட்டில் செத்த பாசியை வெளியே எடுக்காவிட்டால், அதில் இருந்த பாஸ்பேட் திரும்பத் தண்ணீரிலேயே கலந்துவிடும். விளக்கு வந்ததும் பாசியும் வரும்.

வெள்ளை, சிவப்பு எல்இடிகளைக் குறைத்து நீலத்தில் மட்டும் ஓட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். பாசியின் பச்சையம் நீல ஒளியையும் நன்றாகவே உறிஞ்சும். நீலத்துக்கு மாறியதும் பாசி குறைந்த மாதிரி தெரிவதற்கு, மொத்த வெளிச்சம் குறைந்ததும் நீலத்தில் பச்சை கண்ணுக்கு எடுக்காததும் பெரிய காரணங்கள்.

சத்து விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைக் கலந்து விடும் அமைப்பு உண்டு. குடிக்க அது சரி, ரீஃபுக்கு ஆகாது. ஆர்ஓவுக்குப் பிறகு, மிஞ்சிய உப்புகளை உறிஞ்சும் டிஐ ரெசின் வைத்து, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். அடுத்தது தீனி. மீனுக்குப் போடும் ஃப்ரோஸன் மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிரி) கட்டியை வடிகட்டியில் வைத்து உருக்கினால் கலங்கிய சாறு ஒன்று இறங்கும். அதைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பாஸ்பேட் இறங்காவிட்டால் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்), அல்லது கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்பில் கீட்டோ என்னும் கடற்பாசியை வளர்க்கும் தனி இடமான ரெஃப்யூஜியம். ஜிஎஃப்ஓ வேகமானது. அந்த வேகம்தான் பயம். ஒரேயடியாகப் போட்டால் பாஸ்பேட் சட்டென்று விழுந்து பவளம் அடி வாங்கும். எனக்குப் பிடித்தது கீட்டோ. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சேர்த்தே இழுக்கும். வளர்ந்ததைக் கத்தரித்து எறிந்தால் அந்தச் சத்து தொட்டியைவிட்டே போய்விடும். அதன் விளக்கை இரவில் எரியவிட்டால் இரவில் பிஎச் இறங்குவதும் குறையும். பாசி வளரக் காரணமான அதே வெளிச்சமும் சத்தும், நமக்கு வேண்டிய இடத்தில் நமக்காக வேலை செய்கின்றன.

டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் பாறை முழுக்கப் பாசி என்பது பலருக்குக் குழப்பம். தண்ணீரில் வந்த சத்தைப் பாசி உடனுக்குடன் எடுத்துக்கொண்டால் கிட்டுக்கு எதுவும் மிஞ்சாது. பாஸ்பேட் ஏறிய பழைய பாறையிலிருந்தும் அது நாள்கணக்கில் கசியும்.

அதற்காக உண்மையிலேயே பூஜ்யத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. இரண்டு சத்தும் வற்றிய தொட்டியில்தான் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், குமிழியோடு, சளி மாதிரி டைனோ (டைனோஃப்ளாஜெலேட் என்னும் நுண்ணுயிர்) கிளம்புகிறது. முடிப்பாசியைவிட அதை விரட்டுவது கடினம். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் வாக்கில் நின்றால் அதற்கு மேல் துரத்தாதீர்கள்.

இப்போது முடிப்பாசி இருக்கிறது என்றால், முதலில் கையால் பிடுங்கி வெளியே எடுங்கள். பாசி மேயும் டர்போ நத்தைகளுக்கு நீளமான பாசியைவிடக் குட்டைப் பாசிதான் தோது. தண்ணீரையும் தீனியையும் சரி செய்யுங்கள். விளக்கை ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் தற்காலிகமாகக் குறைத்தால் போதும்.