டிஃபெண்டரில் டிடி5 இறங்கி 300 டிடிஐ ஏறியது: கோப்பெங் பக்கத்து வொர்க்‌ஷாப் பற்றி

என் லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இருந்த டிடி5 எஞ்சினை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய 300 டிடிஐ எஞ்சினைப் போட்டுக்கொண்ட அனுபவம் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம், போமன் (மெக்கானிக்) நேர்மையானவர், சொல்லும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். மலேசியாவின் கேமரன் மலையில் டிடி5 வைத்துக்கொண்டு தவிக்கும் தோட்டக்காரர்கள் பலர் என்னிடம் விசாரிப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி 2003 மாடல் டிஃபெண்டர் 110 பிக்கப். ரிங்லெட் பக்கம் சரிவில் இருக்கும் தோட்டத்திலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் மேலே ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. டிடி5 மோசமான எஞ்சின் என்று நான் சொல்லவே மாட்டேன். 1998-ல் வந்த ஐந்து சிலிண்டர் டீசல், 122 குதிரைசக்தி, நல்ல இழுவை. ஆனால் எல்லாம் கம்ப்யூட்டர் கையில். ஆக்சிலரேட்டரில் கேபிள் கிடையாது, வெறும் சென்சார்தான். இன்ஜெக்டர் ஒவ்வொன்றையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் இசியு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், திறந்து மூடுகிறது. இன்ஜெக்டர்களுக்குப் போகும் வயர் எஞ்சின் மூடிக்கு உள்ளே எண்ணெயிலேயே கிடக்கிறது. நாளாக ஆக அந்த எண்ணெய் வயருக்குள்ளேயே ஊர்ந்து, இசியுவின் சிவப்பு பிளக் வரை வந்துவிடும். அப்புறம் எஞ்சின் விக்கும், துடிக்கும், சுமையோடு ஏற்றத்தில் நின்றே போகும். எங்கள் மலையின் ஈரமும் சேர்ந்து, என் வண்டியில் பிளக்கின் பின்கள் அரித்துப் போயிருந்தன. கோளாறைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும், அதுவோ மேலே யாரிடமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் லோரியில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டியதுதான். பறித்த காய் காத்திருக்குமா?

இந்த வொர்க்‌ஷாப் ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் போகும் பழைய ரோட்டில் இருக்கிறது. போர்டுகூட சரியாக இல்லை. போமன் வயதானவர். எஞ்சினை மாற்ற வந்திருக்கிறேன் என்று சொல்லியும், முதலில் சீட்டைத் தூக்கி, சிவப்பு பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்துக் காட்டினார். “இதுக்குப் புது வயரிங் போட்டா பெரிய செலவில்ல தம்பி. அத செஞ்சு பாரு, எஞ்சின் மாத்துறது கடைசி” என்றார். அந்த வயரிங்கை நான் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, அரித்த பின்களையும் டேங்குக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் பம்ப்பின் கோளாறையும் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். மாற்றினால் அவருக்குத்தானே காசு? வேண்டாம் என்று சொன்னாரே, அதற்காகவே அவரை நம்பினேன்.

இசுசு 4ஜேபி1 போடலாம், அல்லது லேண்ட் ரோவரின் சொந்த 300 டிடிஐ போடலாம் என்று இரண்டு வழி சொன்னார். இசுசு உழைக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். நான் 300 டிடிஐ கேட்டேன். 1994-ல் வந்த நான்கு சிலிண்டர், 111 குதிரைசக்தி, டீசலைச் செலுத்துவது கம்ப்யூட்டர் இல்லாத பாஷ் விஇ பம்ப். ஓடும்போது அந்த பம்ப்புக்குத் தேவை ஒரே ஒரு வயர்: நிறுத்தும் சோலனாய்டுக்குப் போவது. கரண்ட் வந்தால் டீசல் போகும், கரண்டை எடுத்தால் நிற்கும்.

ஒரே லேண்ட் ரோவர்தானே, அப்படியே உட்காரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிடி5 சேஸியில் எஞ்சின் மவுண்ட் இருக்கும் இடம் வேறு, வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கும் வேறு, அதனால் எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கச் சொன்னார். பெடல் கேபிள் வைத்ததாக மாறியது. டேங்க் பம்ப் வெளியே போய், டேங்கிலிருந்து டீசலை இழுக்க எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சாதாரண லிஃப்ட் பம்ப் வேலையை எடுத்துக்கொண்டது. ஆர்பிஎம் முள்ளுக்கு முன்பு இசியு சிக்னல் கொடுத்தது, இப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து எடுத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது வயரிங்தான். தேவையில்லாததை வெட்டிச் சொருகிவிடாமல், மூலம் வரை பிரித்து எடுத்து, மிச்சத்துக்கு லேபிள் ஒட்டி, ஒரு தாளில் படமும் வரைந்து கொடுத்தார். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, கிரானில் (வண்டியின் பதிவு ஆவணத்தில்) புது எஞ்சின் நம்பர் எல்லாம் அவர் ஆள் மூலமாகவே முடிந்தது. போடப்போகும் பழைய 300 டிடிஐ எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீது இல்லாமல் எதையும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்தப் பேப்பர் வேலையை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கியர்பாக்ஸ், கூலி, பேப்பர் எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். சின்னத் தொகை இல்லை.

ஓட்டம் எப்படி? இழுவை குறைந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டிடி5-க்கு 300 நியூட்டன் மீட்டர், இதற்கு 265. தாப்பா ரோட்டு வளைவுகளில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. சத்தமும் அதிகம், கேபினில் பேச்சை உயர்த்தித்தான் பேச வேண்டும். டிடி5-ல் செயின் இருந்தது, இதில் டைமிங் பெல்ட், அறுந்தால் வால்வைத் தள்ளும் புஷ்ராடுகள் வளைந்துவிடும், வால்வுகளும் கெடலாம். தூசியில் ஓடும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். ஆனால் டீசல் ஃபில்டர் அடைத்தபோது தோட்டத்திலேயே, ஸ்பானரும் கையுமாக, நானும் என் தொழிலாளியும் மாற்றிக் காற்றெடுத்து, அன்றைக்கே சரக்கை ஏற்றிவிட்டோம். எனக்கு இது போதும்.

குறை என்றால் தேதிதான். இரண்டு வாரம் என்று சொன்ன வேலை அதைத் தாண்டி வெகுவாக இழுத்தது, போன் செய்தால் எடுப்பதும் இல்லை. நான் வாடகை வண்டியில் காய் இறக்கினேன். வந்த பிறகு ஆயில் கூலர் ஹோஸில் கசிவு இருந்தது, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

போகிறவர்கள் அறுவடை இல்லாத காலமாகப் பார்த்துப் போங்கள். வாங்கும் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள், கேட்டால் அவரே உங்கள் முன்னால் திறந்து காட்டுவார். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே ஏற்றிய பிறகு செய்தால் கூலி இரட்டிப்பு.