32 சென்ட் கூலிக்கு ஒரு கோடை: யூட்டாவில் கேம்ப் ஹோஸ்ட் வேலை

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்; முப்பது வருடம் கணக்கு எழுதியே பிழைத்தவள் நான். அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் 250 மணி நேரம் தன்னார்வ வேலை பார்த்தால் தேசியப் பூங்காக்களுக்கான ஒரு வருட நுழைவு பாஸ் இலவசம். நாங்கள் போன 2023-இல் காசு கொடுத்து வாங்கினால் அது 80 டாலர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 32 சென்ட் வருகிறது. அதிலும் எங்களுக்கு அது கைக்கு வந்தது பதினோராவது வாரத்தில். ஊர் சுற்ற வேண்டுமே என்று மே மாதமே 80 டாலர் கட்டி ஒரு பாஸ் வாங்கிவிட்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு 62 வயதாக அப்போது இன்னும் ஏழு மாதம் பாக்கி. ஆகியிருந்தால் அதே 80 டாலருக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் மூத்தோர் பாஸ் கிடைத்திருக்கும். இதை நான் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது.

2023 கோடையில் தெற்கு யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு முகாமில் இருவரும் கேம்ப் ஹோஸ்டாக, அதாவது முகாமிலேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களாக, இருந்தோம். முகாமின் பெயர் வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் இப்படி வேலை பார்ப்பவர்களின் திட்டத்துக்கு 'வாலன்டியர்ஸ் இன் பார்க்ஸ்' என்று பெயர், சுருக்கினால் வி.ஐ.பி. எங்கள் முகாம் பூங்காவுக்கு வெளியே இருந்ததால் அந்தப் பெருமையும் எங்களுக்கு இல்லை.

ஒப்பந்தம் எளிது. ஆளுக்கு வாரம் நான்கு நாள், 24 மணி நேரம் வேலை. பதிலுக்கு டிரெய்லர் நிறுத்த ஓர் இடம், அதில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு. சம்பளம் கிடையாது. மீதி மூன்று நாள் எங்களுடையது. வாலன்டியர் டாட் கவ் தளத்தில் நவம்பரிலேயே விண்ணப்பித்தோம். தொலைபேசி நேர்காணலில் முதல் கேள்வியே, "கழிவறை சுத்தம் செய்வீர்களா?" என்பதுதான். நேர்மையான கேள்வி. ஏனென்றால் வேலையில் பாதி அதுதான்.

மறுபாதி சாம்பல். ஒவ்வொரு கூடார இடத்திலும் ஓர் இரும்பு வளையம், அதில் இரவு நெருப்பு மூட்டுவார்கள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்து, பிறகு மண்வாரியால் அள்ள வேண்டும். உள்ளே பியர் கேன், அலுமினியத் தாள், ஒருமுறை முழு முட்டை அட்டை. கட்டணம் வசூலிப்பது நாங்கள் இல்லை; 'அயர்ன் ரேஞ்சர்' என்று செல்லமாக அழைக்கும் ஓர் இரும்புக் குழாய்தான். உறைக்குள் பணம் வைத்து அதில் போட்டுவிட்டு, கிழித்த துண்டைக் கம்பத்தில் மாட்டிவிட வேண்டும். மாட்டாதவர்களிடம் போய்ச் சிரித்த முகத்தோடு நினைவூட்டுவது என் வேலை. அபராதம் போட எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒருவர் முறைத்தால் ரேடியோவில் ரேஞ்சரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான்.

நான் அதிகம் வாய் வலிக்கச் சொன்னது மண்ணைப் பற்றி. பாதைக்கு வெளியே தரை கருப்பாக, முடிச்சு முடிச்சாக, தீய்ந்த ரவை மாதிரி இருக்கும். பார்க்க அழுக்கு போலத்தான் தெரியும். உண்மையில் அது உயிருள்ள மேலோடு. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அது இல்லாவிட்டால் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். ஒருமுறை மிதித்தால் பழையபடி ஆக பல பத்தாண்டுகள் எடுக்கலாம். இதைச் சொன்னதும் குழந்தைகள் உடனே காலைத் தூக்கிவிடுவார்கள். பெரியவர்கள்தான் ஒரு போட்டோவுக்காக நாலு அடி உள்ளே போவார்கள்.

இனி, விளம்பரத்தில் வராத விஷயங்கள். 'இலவசத் தங்கல்' என்பது சொந்த டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இலவசம். நாங்கள் வாடகைக்கு எடுத்தோம், மூன்று மாதத்துக்கு 5,400 டாலர். அதன் குளிர்ப்பெட்டி, கேஸிலும் ஓடும் மின்சாரத்திலும் ஓடும் பழைய வகை. டிரெய்லர் சமமாக நிற்காவிட்டாலும் சரியாகக் குளிராது, வெளியே வெயில் ஏறினாலும் குளிராது. ஜூலையில் நிழலில் 97 டிகிரி பாரன்ஹீட், அதாவது 36 செல்சியஸ். காலையில் உறைந்த தயிர் மதியத்துக்குள் புளித்துவிடும். வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், "பாலைவனம் அப்படித்தான்" என்றார்கள். அதற்கு நான் 5,400 டாலர் கட்ட வேண்டியதில்லை, சும்மாவே தெரியும்.

அப்புறம், நோ-சீ-அம் என்ற பூச்சி. பெயருக்கு ஏற்றபடி கண்ணுக்கே தெரியாது. மே கடைசியிலும் ஜூனிலும் காதோரம், முடி தொடங்கும் இடம் என்று பார்த்துக் கடிக்கும். வலைத் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். முகாம் 5,500 அடி உயரத்தில் இருந்ததால் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் கொண்டு போனது என் முன்யோசனை. "எதுக்கும்மா இந்தச் சுமை?" என்று கிளம்பும்போது கேட்டவர், இரண்டாவது வாரம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை மூன்றாவது வாரம் நடந்தது தனி. எங்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. வடமேற்கே வெகு தொலைவில் மட்டும் கருப்பாகக் கவிழ்ந்திருந்தது. ஓர் இளம் ஜோடி, முகாமுக்குப் பின்னால் இருந்த ஸ்லாட் கேன்யனுக்குள் நடக்கத் தயாரானார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், சில இடங்களில் தோளை ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். "இன்று வேண்டாம்" என்றேன். "வானம் தெளிவாக இருக்கிறதே" என்றார் அந்தப் பையன். தடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று உட்கார வைத்தேன். ஃபில்டர் காபி இறங்க நேரம் எடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது டம்ளர் ஊற்றும்போது லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். காலையில் புழுதி பறந்த ஓடைக்குள் செங்கல்லைக் கரைத்த நிறத்தில் தண்ணீர், முன்னால் சுள்ளியையும் கட்டைகளையும் தள்ளிக்கொண்டு வந்தது. இந்தப் பாறை மழையைக் குடிக்காது. எங்கோ பெய்வது அப்படியே வழிந்து, கிடைக்கிற ஒரே இடுக்கில் சேர்ந்துவிடும். அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் 1997 ஆகஸ்டில் இப்படித்தான் 11 பேர் இறந்துபோனார்கள். அன்றும் மழை பெய்தது வேறு இடத்தில். அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் நின்றிருந்தாள். 32 சென்ட் கணக்கை அன்று மட்டும் நான் எடுக்கவில்லை.

விடுமுறை நாட்களுக்கு வருகிறேன். இந்த வேலையின் உண்மையான கூலி அதுதான். கூட்டம் வரும் சனி, ஞாயிறுகளில் நீங்கள் சாம்பல் அள்ளுவீர்கள். செவ்வாய், புதன், வியாழனில் சாலை காலியாக இருக்கும். ஆர்ச்சஸ் பூங்காவுக்கு அந்த வருடம் காலை 7 முதல் மாலை 4 வரை முன்பதிவு கட்டாயம். நாங்கள் நாலரைக்குப் போய் நுழைந்தோம். அங்கே டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போக வர 3 மைல், 480 அடி ஏற்றம், நிழலே இல்லை. பகலில் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கே தொண்டை வறளும்.

எனக்கு மிகப் பிடித்தது கேப்பிடல் ரீஃப் பூங்கா. அங்கே ஃப்ரூட்டா என்ற இடத்தில் 1880-களில் குடியேறிய மார்மன் சமயக் குடும்பங்கள் வைத்த தோட்டங்களை இன்றும் பூங்காவே பராமரிக்கிறது. பழுத்த தோட்டம் திறந்திருந்தால் உள்ளே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், காசு இல்லை. வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும் நாமே எடை போட்டுப் பணம் வைக்க வேண்டும். ஏணியும் பறிக்கும் கோலும் அங்கேயே இருக்கும். சுற்றிலும் சிவந்த பாறைச் சுவர், நடுவில் ஆப்ரிகாட் மரத்தின் மேல் என் வீட்டுக்காரர். "ஏங்க, இறங்குங்க, அறுபத்தொண்ணு ஆச்சு" என்றேன். கேட்கவில்லை.

பிரைஸ், ஜயன் பூங்காக்களும் அழகு. எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஜயனில் நான் நின்று பார்த்தது ஊமத்தை. நம் ஊமத்தையின் உறவுதான், பூ மட்டும் இன்னும் பெரிது, வெள்ளை வெளேரென்று. அதோடு சப்பாத்திக்கள்ளியும். இத்தனை தூரம் வந்து தெரிந்த முகங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

அரிசோனாவின் பேஜ் நகருக்குப் போகும்போது கடிகாரத்தில் கவனம் வேண்டும். கோடையில் யூட்டா மணியை ஒன்று முன்னே தள்ளுகிறது, அரிசோனா தள்ளுவதில்லை, அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளுகிறது. ஆன்டலோப் கேன்யனுக்கு நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, நேரம் முக்கியம். அங்கே அரிசோனா மணிதான் கணக்கு என்று தெரியாமல், தாமதமாகிவிடும் என்று பதறி ஓட்டி, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்டில் கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பு. கேப் ராயலில் நின்றால் எதிரே கூம்பாக ஒரு சிகரம், பெயர் விஷ்ணு டெம்பிள். கிளாரன்ஸ் டட்டன் என்ற 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் இந்தச் சிகரங்களுக்குக் கோயில் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார்; சிவா, பிரம்மா என்றும் சிகரங்கள் உண்டு. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றப் போனார், நான்தான் பாறை சுடும் என்று தடுத்தேன். அங்கே நாங்கள் காபி குடித்த விடுதி இப்போது இல்லை, 2025 ஜூலையில் டிராகன் பிராவோ என்ற காட்டுத்தீயில் எரிந்துபோனது. செய்தி பார்த்த அன்று வீட்டில் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த கோடைக்கு அவர் விண்ணப்பம் போட்டுவிட்டார். குளிர்ப்பெட்டியை நானே சோதித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் போவதாக இருந்தால், குப்பை பொறுக்க நீளக் கைப்பிடி இடுக்கி ஒன்று சொந்தமாக எடுத்துப் போங்கள். முகாமில் கொடுத்தது இரண்டே வாரத்தில் வளைந்துவிட்டது.