போர்ட்லாண்டின் சாசன மறுஆய்வு: 5க்கு 4 தரலாம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் பல நகரங்களுக்குத் தனிச் சாசனம் உண்டு. மேயருக்கு என்ன அதிகாரம், கவுன்சிலில் எத்தனை பேர், யாரை யார் நியமிக்கலாம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை அவ்வப்போது தூசி தட்டித் திருத்துவதும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஒரு சேவைதானே, ரிவியூ எழுதுவதில் தப்பில்லை. எனக்குத் தெரிந்தவற்றில் உருப்படியானது ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் வைத்திருக்கும் ஏற்பாடு.

அங்கே 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது 20 பேர் கொண்ட சாசன ஆணையத்தைக் கூட்டியே ஆக வேண்டும், மேயருக்கு மனம் வந்தால் பார்க்கலாம் என்ற கதையெல்லாம் கிடையாது. இந்த விதியை 2007இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே தேர்தலில் ஆட்சிமுறையை இப்போதே மாற்றலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்! ஆணையத்துக்கு ஆள் போடுவது கவுன்சில்தான், அது உறுத்தும், ஆனால் 20 பேரில் 15 பேர் ஒரு திருத்தத்துக்குச் சரி என்றால் அது நேராக மக்கள் ஓட்டுக்குப் போய்விடும், கவுன்சில் நடுவில் புகுந்து கத்தரிக்க முடியாது. இந்தச் சேவையின் உயிரே இதுதான். பதவியில் இருப்பவரிடமே உங்கள் அதிகாரத்தைக் குறைக்கட்டுமா என்று அனுமதி கேட்டால் எந்த ஊரில் வேலை நடக்கும்?

2022இல் அது வேலை செய்தது. 1913 முதல் அங்கே மேயரும் நான்கு கமிஷனர்களும்தான் கவுன்சில். எல்லோரும் ஊர் முழுக்க ஓட்டு வாங்கி வருபவர்கள், விதிகளைப் போடுவதும் அவர்கள், குடிநீர், பூங்கா, தீயணைப்பு என்று ஆளுக்குச் சில துறைகளை நடத்துவதும் அவர்கள், எந்தத் துறை யாருக்கு என்பது மேயர் கையில். ஆணையம் 17க்கு 3 என்று இதை மாற்றச் சொன்னது, மக்களும் சுமார் 58% ஆதரவோடு சரி என்றார்கள். இப்போது நான்கு தொகுதி, தொகுதிக்கு மூன்று பேர், மொத்தம் 12 உறுப்பினர்கள். துறைகளைப் பார்த்துக்கொள்ள தனியாக ஒரு நகர நிர்வாகி.

அப்புறம் ஏன் ஒரு மார்க் குறைத்தேன்? தொகுதி முறை, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் புது ஓட்டு முறை, நிர்வாகி என மூன்று பெரிய மாற்றங்களையும் ஒரே கேள்வியாகக் கட்டி ஆம், இல்லை என்று மட்டும் கேட்டார்கள். நிர்வாகி வேண்டும், ஆனால் ஒரு தொகுதிக்கு மூன்று பேர் வேண்டாம் என்பவர் எங்கே குறி போடுவார்? இதை எதிர்த்து வழக்கும் நடந்து, தோற்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம், வாக்காளரை மதித்த மாதிரி இல்லை. 2024 தேர்தலில் வந்த ஓட்டுச்சீட்டு இன்னொரு தொல்லை: ஒரு பக்கம் வேட்பாளர் பெயர்கள் நீள வரிசையாக, எதிரே முதல் விருப்பம் தொடங்கி ஆறாவது வரை வட்டங்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கவுன்சில் பகுதியை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார். போதாததற்கு 12 இரட்டைப்படை எண்; 2025 ஜனவரியில் கவுன்சில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதே 6க்கு 6 என்று மாட்டிக்கொண்டு சுற்றுச் சுற்றாக ஓட்டெடுத்தார்கள். இது யாருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லையா?

இருந்தாலும் மற்ற ஊர்களைப் பார்த்தால் இது தங்கம். டெட்ராய்ட்டில் ஆணையத்தையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் சாசனம் முழுவதையும் புதிதாக எழுதிக் கொண்டுவர, 2021இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

நியூயார்க்குக்கு 5க்கு 2கூட அதிகம். மேயர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ஆணையம் போடலாம், அது மக்கள் ஓட்டுக்கு ஒரு கேள்வி வைத்தால் அந்தத் தேர்தலில் கவுன்சில் வைக்க நினைத்த கேள்வி ஒதுக்கப்பட்டுவிடும். 2024இல் மேயரின் நியமனங்களுக்குக் கவுன்சிலின் ஒப்புதல் தேவைப்படும் பதவிகளைக் கூட்ட ஒரு திட்டம் வந்ததும், அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் மே மாதம் ஆணையம் போட்டார், ஜூலையிலேயே அறிக்கை தயார், கவுன்சிலின் திட்டம் ஓட்டுச்சீட்டுக்கு வரவே இல்லை. ஒரு மாநகரத்தின் சாசனத்தைப் படித்து முடிக்கவே அந்த இரண்டு மாதம் போதாது.